வண்டி சூடேறினால்: வீட்டிலேயே காரணம் கண்டறிவோம்

ஓர் ஆவணி மாதம். தலைமன்னாரிலிருந்து மடுத் திருவிழாவுக்குப் புறப்பட்ட பழைய வான் ஒன்றில் நாமும் ஏறிக்கொண்டோம். பன்னிரண்டு பேர், சமையல் பாத்திரங்கள், படங்குகள், இரண்டு மூடை அரிசி. மன்னார்ப் பாலத்தைக் கடந்து தள்ளாடியைத் தாண்டியதும் வெப்பமானி முள் நடுவை விட்டு மேலே ஏறத் தொடங்கியது. சாரதி அதைக் கண்டார். அவரே வானின் உரிமையாளரும். "வெயில்தான் காரணம்" என்று சொல்லிவிட்டு ஓட்டினார்.

உயிலங்குளத்துக்கு அப்பால், முன் இருக்கையில் இருந்த வயதான அம்மா, "தம்பி, கேத்தில் கொதிக்கிற மாதிரிச் சத்தம் கேக்குது" என்றார். "இன்னும் கொஞ்சத் தூரம்தானே அம்மா, முருங்கனில் நிப்பாட்டுவம்" என்று பதில் வந்தது. முருங்கனுக்கு வான் போய்ச் சேரவில்லை. வெள்ளை ஆவி கண்ணாடியை மறைத்தது. எஞ்சின் தானாக நின்றது. பயணிகள் வேறு வண்டிகளில் ஏறிப் போனார்கள். அந்தக் "கொஞ்சத் தூரம்" அவருக்கு எஞ்சினின் தலைப்பகுதியைத் தின்றுவிட்டது. திருவிழாக் காலம் முழுவதும் வான் கராஜில் கிடந்தது. அவ்வாண்டு அவர் பெரிதும் நம்பியிருந்த வருமானமும் போயிற்று.

பின்னர் மெக்கானிக் றேடியேற்றரைப் பிரித்து எமக்குக் காட்டினார். உள்ளே இருந்த மெல்லிய குழாய்களில் பாதிக்கு மேல் வெண்ணிறப் படிவு அடைத்திருந்தது. எமது அடுப்படிக் கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைக் காரைதான். அந்த அம்மா சொன்ன கேத்தில் எஞ்சினுக்குள்ளேயே இருந்திருக்கிறது!

2020 மார்ச்சில் நாட்டிற்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருக்கும் வண்டியைக் காப்பாற்றுவதே பலருக்கு ஒரே வழியாக இருந்தது. இன்றும் புதிய வண்டி வாங்க முடிந்தவர் எம்மிடையே சிலரே. ஆகவே எஞ்சின் சூடேறுவதன் காரணத்தை வீட்டிலேயே எவ்வாறு கண்டறியலாம், எதனை நாமே திருத்தலாம், எதனைக் கராஜுக்குக் கொண்டு போக வேண்டும் என்பதை இப்பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

1. வெயில் காரணமல்ல

எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதிப் பங்கு வெப்பத்தை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர்தான் அகற்ற வேண்டும். நீர்ப் பம்பி அந்நீரைச் சுழற்றுகிறது. தேர்மோஸ்டற் எனும் சிறு கதவு, எஞ்சின் தகுந்த அளவு சூடானதும் திறந்து நீரை றேடியேற்றருக்கு விடுகிறது. அங்கே மெல்லிய தகடுகளுக்கிடையே புகும் காற்று நீரைக் குளிரச் செய்கிறது. வண்டி நிற்கும்போதும் மெதுவாகப் போகும்போதும் காற்றாடி அந்தக் காற்றை இழுத்துத் தருகிறது.

மன்னாரில் கடும் வெயில் நாளில் காற்று 34 பாகை செல்சியஸ் இருக்கலாம். எஞ்சினின் நீரோ வழக்கமாக 85 முதல் 95 பாகையில் ஓடுகிறது. இடையில் இன்னும் 50 பாகைக்கு மேல் வித்தியாசம் உண்டு. நலமான வண்டிக்கு இது தாராளமாகப் போதும். வெயில், ஏற்கெனவே இருக்கும் நோயை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். அதேபோல, சோளகக் காலத்தில் ஏ32 வீதியால் பூநகரிப் பக்கம் வடக்கே போகும்போது காற்று முதுகுப் பக்கமாக அடிக்கும். றேடியேற்றருக்குள் புகும் காற்று அப்போது குறையும். நோயுள்ள வண்டி அந்த நேரத்தில்தான் முதலில் அறிகுறி காட்டும்.

மூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீர் சாதாரணமாக 100 பாகையில் கொதிக்கும். றேடியேற்றர் மூடி உள்ளே அழுத்தத்தைக் காப்பதால் கொதிநிலை உயர்கிறது. 0.9 என்று பொறித்த நல்ல மூடி இருந்தால் வெறும் நீரே 118 பாகை வரை கொதிக்காது. மூடியின் றப்பர் வெடித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. பெரிய செலவு செய்யுமுன் இச்சிறு பொருளைப் பாருங்கள்.

2. வீதியில் முதலுதவி

கடற்றொழிலாளர் வெளியிணைப்பு எஞ்சினை இயக்கியதும் முதலில் எதைப் பார்க்கிறார்? பின்பக்கம் பீச்சி வரும் நீரைப் பார்க்கிறார். அது நின்றால் உடனே எஞ்சினை நிறுத்துவார். "கரை கிட்டத்தானே" என்று ஓடமாட்டார். வண்டியில் அந்த நீர்ப் பீச்சல் கிடையாது. அதற்குப் பதிலாக இருப்பது வெப்பமானி முள். சாரதியும் அதே ஒழுக்கத்தோடு அதைப் பார்க்க வேண்டும்.

முள் ஏறுகிறது, ஆனால் ஆவி இல்லை: ஏ.சி.யை நிறுத்துங்கள். வண்டிக்குள் சூடாக்கி இருந்தால் அதை முழுமையாகத் திறந்து விடுங்கள். அதுவும் ஒரு சிறு றேடியேற்றர்தான். பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓரிரு நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள். முள் இறங்காவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

ஆவி வருகிறது, அல்லது ஓயில் விளக்கு எரிகிறது: அந்தக் கணமே எஞ்சினை நிறுத்துங்கள்.

முள் மேலே போய்த் திடீரெனக் கீழே விழுகிறது: மகிழ வேண்டாம். நீர் முழுவதும் போய், உணரி வெறும் ஆவியில் நிற்கலாம். இதுவே மிக ஆபத்தான அறிகுறி.

நிறுத்திய பின் குறைந்தது அரை மணி நேரம் பொறுத்திருங்கள். மேற்குழாயில் கையை வைத்து எடுக்காமல் பிடிக்க முடிந்தால்தான் மூடியில் கை வைக்கலாம். அப்போதும் தடித்த சாக்கை மூடிமேல் போட்டு, முகத்தை விலக்கி, சிறிது திருப்பி, அழுத்தம் வெளியேறிய பின்பே கழற்ற வேண்டும். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் ஆளுயரத்துக்குப் பீறிடும். முகமும் மார்பும் வெந்து போகும். யாருக்கேனும் அப்படி நேர்ந்தால், வெந்த இடத்தில் 20 நிமிடம் சுத்தமான குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். பற்பசை, எண்ணெய், முட்டை எதுவும் பூசாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

கொதித்த எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள், உலோகம் வெடிக்கும். ஆறிய பின்பே மெதுவாக ஊற்றுங்கள். கடல் நீர் வேண்டவே வேண்டாம். உயிர் காக்கும் ஓட்டத்தில் வேறு நீர் இல்லாமல் ஊற்ற நேர்ந்தால், அன்றைக்கே நன்னீரால் பலமுறை கழுவிவிடுங்கள்.

3. வீட்டில் காரணம் கண்டறிதல்

சோதனையைக் காலையில், எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். மின் காற்றாடி உள்ள வண்டியில், எஞ்சின் நின்ற பின்னரும் காற்றாடி தானாகச் சுழலலாம். ஆகவே பற்றறியின் ஒரு வயரைக் கழற்றிவிட்டே அப்பகுதியில் கை வையுங்கள்.

முதலில், எப்போது சூடேறுகிறது என்று சாரதி நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். பாதி விடை அதிலேயே உண்டு.

(அ) மன்னார்ப் பட்டினத்தில் ஊர்ந்து போகும்போதும், கழுதைக் கூட்டம் வழிவிடக் காத்திருக்கும்போதும் சூடேறுகிறது. வெளி வீதியில் ஓடும்போது ஆறிவிடுகிறது என்றால், குறை காற்றாடியில். பெல்ட் தளர்ந்திருக்கலாம். மின் காற்றாடியாயின் பியூஸ், வயர், மோட்டார் ஆகியவற்றைப் பாருங்கள்.

(ஆ) மெதுவாகப் போகையில் நலம். வேகத்திலும் பாரத்திலும் சூடேறுகிறது என்றால், றேடியேற்றர் அடைபட்டிருக்கிறது, அல்லது கீழ்க்குழாய் உள்ளே சுருங்கி நீரைத் தடுக்கிறது.

(இ) இயக்கிய சில நிமிடங்களிலேயே முள் ஏறுகிறது என்றால், தேர்மோஸ்டற் திறக்காமல் சிக்கியிருக்கலாம், அல்லது நீர் மிகக் குறைவு. சூடான எஞ்சினை நிறுத்திவிட்டுப் புறங்கையால் இலேசாகத் தொட்டுப் பாருங்கள். மேற்குழாய் கொதிக்க, கீழ்க்குழாய் முற்றிலும் குளிர்ந்திருந்தால் நீர் ஓடவில்லை என்பது உறுதி.

(ஈ) வெளியே ஒழுக்கு எதுவும் காணவில்லை, ஆனால் நீர் குறைந்துகொண்டே போகிறது என்றால், ஹெட் கஸ்கற் பழுதாக இருக்கலாம். இதனைப் பின்னர் விளக்குவோம்.

அடுத்து, கண்ணாலும் கையாலும் பாருங்கள்.

நீர்மட்டம்: றேடியேற்றர் நிறைந்திருக்கிறதா? பக்கத்துப் போத்தலில் இரு கோடுகளுக்கிடையே நீர் நிற்கிறதா?

குழாய்கள்: அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தாலும், சேறுபோல் மெத்தென்று இருந்தாலும், வெடிப்புகள் இருந்தாலும் மாற்ற வேண்டும்.

பெல்ட்: இரு கப்பிகளுக்கு நடுவே பெருவிரலால் அழுத்துங்கள். ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அமிழ்வது பொதுவான அளவு. அதிகம் அமிழ்ந்தால் இறுக்குங்கள். ஓரம் பிய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

நீர்ப் பம்பி: அதன் அடியில் ஒரு சிறு துவாரம் இருக்கும். அங்கிருந்து வெள்ளை அல்லது துருக்கோடு வடிந்திருந்தால் பம்பியின் உட்தடுப்புப் போய்விட்டது. காற்றாடி பம்பியோடு பொருத்தப்பட்டிருந்தால் அதை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது.

றேடியேற்றர் முகம்: தகடுகளுக்கிடையே மணல், பூச்சி, வைக்கோல் அடைத்திருக்கிறதா? கரையோரத்தில் உப்புக் காற்று தகடுகளை அரிக்கும். விரலால் மெல்லத் தடவினால் தகடு பொடியாக உதிருமாயின், நீர் எவ்வளவு ஓடினாலும் வெப்பம் வெளியேறாது. அந்த றேடியேற்றரை மாற்றத்தான் வேண்டும்.

உள் அடைப்பு: எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, பற்றறி வயரைக் கழற்றிய பின் றேடியேற்றர் முகத்தைக் கையால் தடவுங்கள். இடையிடையே குளிர்ந்த திட்டுகள் தென்பட்டால் அவ்விடக் குழாய்கள் அடைபட்டுள்ளன.

4. நாமே செய்யக்கூடிய திருத்தங்கள்

வெளிப்புறம் கழுவுதல்: எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, வேகம் குறைந்த நன்னீரைப் பாய்ச்சுங்கள். வேகமாகப் பீச்சினால் தகடுகள் மடியும். கரையோர வண்டிகளுக்கு மாதம் ஒரு முறை இது நல்லது.

தேர்மோஸ்டற் சோதனை: இதற்குச் சமையற் பாத்திரமும் நூலும் போதும். கழற்றிய தேர்மோஸ்டற்றை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் நீருக்குள் தொங்க விடுங்கள். அடுப்பில் சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்தப் பாகையளவில் திறக்கத் தொடங்கி, நீர் கொதிக்குமுன் நன்றாகத் திறந்துவிட வேண்டும். கொதித்த பின்னும் மூடியே இருந்தால் புதிதாக வாங்குங்கள். பொருத்தும்போது வில்லுள்ள பக்கம் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும்.

"சூடான ஊருக்குத் தேர்மோஸ்டற் எதற்கு, கழற்றி எறியுங்கள்" என்பார்கள். கேட்காதீர்கள். எஞ்சின் தகுந்த சூட்டை அடையாமல் எரிபொருளை அதிகம் குடிக்கும், விரைவில் தேயும். சில எஞ்சின்களில் நீர் றேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியால் சுற்றி, இன்னும் அதிகமாகச் சூடேறும்.

உட்புறம் கழுவுதல்: குளிர்ந்த நிலையில் அடி ஆணியைத் திறந்து நீரை ஒரு தட்டில் பிடியுங்கள். நிறத்தைப் பாருங்கள்: செங்கபிலம் என்றால் துரு, வெண்மணல்போல் துகள் என்றால் காரை. ஆணியை மூடி, மழைநீர் நிரப்பி, மேற்குழாய் சூடாகும்வரை எஞ்சினை ஓட்டி, முற்றாக ஆற விட்டு மீண்டும் வடியுங்கள். தெளிந்த நீர் வரும்வரை திரும்பச் செய்யுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்ற வேண்டாம். அது காரையோடு அலுமினியத்தையும் தின்னும். கடினமாக அடைத்த றேடியேற்றரை, கழற்றித் துப்புரவாக்கும் கடையில் கொடுப்பதே முறை.

நிரப்புதல்: வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்துங்கள். மூடியைத் திறந்தபடி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மெதுவாக நிரப்பி, பின்பு இயக்குங்கள். தேர்மோஸ்டற் திறந்ததும் காற்றுக் குமிழ்கள் வந்து மட்டம் இறங்கும். அந்த அளவை நிரப்பி மூடுங்கள். உள்ளே அகப்பட்ட காற்று, நல்ல வண்டியையும் சூடேற்றும்.

வடித்த நீரில் கூலன்ற் கலந்திருந்தால் நிலத்தில் ஊற்றாதீர்கள். அது இனிக்கும் நஞ்சு. பிள்ளைகளும் நாய்களும் ஆடுகளும் வீதிக் கழுதைகளும் அதை நக்கிக் குடித்து இறக்கக்கூடும்.

5. எந்த நீரை ஊற்றுகிறோம்?

அந்த வானின் கதைக்குத் திரும்புவோம். அதன் நீர்ப் பம்பியில் சிறு ஒழுக்கு இருந்தது. நாள்தோறும் ஒரு போத்தல் கிணற்று நீர் ஊற்றினால் சரியாயிற்று. ஆகவே உரிமையாளர் அதைத் திருத்தவில்லை. இப்படியே ஆண்டுகள் போயின.

இங்கேதான் எமது மண்ணின் குணத்தை அறிய வேண்டும். மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் வரையான கரையோர நிலத்தின் அடியில் சுண்ணக்கல் பரந்து கிடக்கிறது. அதனூடாக வரும் கிணற்று நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கும். கடலுக்கு அருகில் உப்பும் சேரும். சவர்க்காரம் நுரைக்காத நீரும், கேத்திலில் வெள்ளை படியும் நீரும் இந்த வகையே. இந்நீர் சூடாகும்போது சுண்ணாம்பு குழாய்களில் படிகிறது. ஒரு முறை நிரப்பி அப்படியே இருந்தால் படிவு சிறிதே. ஆனால் ஒழுகி ஆவியாகிக்கொண்டிருக்கும் வண்டிக்குத் தினமும் புது நீர், தினமும் புதுச் சுண்ணாம்பு. நீர் போய்விடும், காரை மட்டும் தங்கிவிடும். உப்பு உலோகத்தை அரிக்கும். ஒரு போத்தல் நீர் இலவசமாகத்தான் தெரிந்தது. அதன் விலையை உயிலங்குளத்துக்கு அப்பால் அவர் கட்டினார்.

ஆகவே இரண்டு விதிகளை மனதில் வையுங்கள்.

ஒன்று: நலமான வண்டியில் நீர் குறையாது. அது மூடிய சுற்று. அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தால் அது வழக்கமல்ல, நோய். ஒழுகும் இடத்தைத் தேடுங்கள்.

இரண்டு: மென்மையான நீரையே ஊற்றுங்கள். எமக்கு ஐப்பசி முதல் மார்கழி வரை வாடை மழை கிடைக்கிறது. சிறிய காரின் சுற்றுக்கு 5 அல்லது 6 லீற்றரும் வானுக்கு 8 முதல் 10 லீற்றரும் போதும். முதல் மழை கூரையைக் கழுவட்டும். பின்பு வரும் நீரைத் துணியில் வடித்து, பிளாஸ்ரிக் கான்களில் நிரப்பி மூடி வையுங்கள். இரண்டு மூன்று கான்கள் ஓராண்டுக்குக் காணும். சீமெந்துத் தொட்டியில் சேர்த்த மழைநீரில் தொட்டியின் சுண்ணாம்பு கலந்திருக்கும், அது வேண்டாம். மழைநீர் இல்லையேல், பற்றறிக்கு விற்கும் காய்ச்சி வடித்த நீரை வாங்குங்கள். பற்றறி அமிலத்தை மாறி வாங்கிவிடாதீர்கள்.

"இங்கே பனி உறைவதில்லையே, கூலன்ற் எதற்கு?" என்று சிலர் கேட்பர். கூலன்ற் கொதிநிலையையும் உயர்த்தும், துருவையும் தடுக்கும். செறிவானதாயின் மென்நீரோடு சரிபாதி கலக்கலாம். கலந்தே விற்பதாயின் அப்படியே ஊற்றலாம். போத்தலில் எழுதியிருப்பதை வாசியுங்கள்.

லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கும் இது பொருந்தும். மேற்தொட்டி நீர் கொதித்து ஆவியாகியே குளிரும் வகை எஞ்சின்களில் காரை இன்னும் விரைவாகப் படியும். விதைப்புக்கு முன் தொட்டியைக் கழுவிக்கொள்ளுங்கள்.

6. எப்போது கராஜுக்கு?

பின்வரும் அறிகுறிகளில் ஒன்றைக் கண்டாலும் வண்டியை ஓட்டாதீர்கள். கட்டி இழுத்தே கொண்டு போங்கள்.

– சூடான பின்னும் சைலன்சரிலிருந்து தடித்த வெண்புகை ஓயாமல் வருதல்.
– எஞ்சின் ஓயில் பால் தேநீர்போல் மாறியிருத்தல்.
– எஞ்சின் ஓடும்போது றேடியேற்றருக்குள் இடைவிடாது குமிழ் எழுதல்.
– குளிர்ந்த எஞ்சினை இயக்கிய ஓரிரு நிமிடத்திலேயே மேற்குழாய் விறைத்துப் போதல்.

இவை ஹெட் கஸ்கற் பழுதின் அடையாளங்கள். கஸ்கற்றை மட்டும் மாற்றினால் போதாது. தலைப்பகுதி வளைந்திருக்கிறதா என்று மட்டம் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். எதனால் சூடேறியது என்பதையும் அவரிடம் கேளுங்கள். மூல காரணத்தைத் திருத்தாவிட்டால் புது கஸ்கற்றும் எரியும்.

வடக்கில் எரிபொருள் தடை இருந்த 1990களில், பழைய ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் பெற்றோல் எஞ்சினைத் தட்ட வைக்கும், சூடேற்றும், ஓயிலையும் நீர்க்க வைக்கும். இன்று அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் எஞ்சினின் சத்தத்துக்குக் காது கொடுத்த அக்காலச் சாரதியின் பழக்கத்தை நாம் இழந்துவிடக் கூடாது. கிராமத்தில் இரவில் பிரசவ வலி கண்ட ஒரு தாயை மன்னார் வைத்தியசாலைக்குக் கொண்டு போவது பெரும்பாலும் அயலவரின் பழைய வான்தான். அது பாதி வழியில் நிற்கக் கூடாது.

அந்த உரிமையாளர் இப்போது பொனற்றின் கீழ் மழைநீர்ப் போத்தல் ஒன்று வைத்திருக்கிறார். "இது குறைஞ்சால் எனக்கு நித்திரை வராது" என்கிறார். முள் நடுவைத் தாண்டினால் எவர் அவசரப்படுத்தினாலும் நிறுத்துகிறார்.

சங்கங்களிலும் குழுக்களிலும் கலந்துரையாட:

1. உங்கள் வீட்டுக் கேத்திலைப் பாருங்கள். அதே நீரைத்தான் வண்டிக்கும் ஊற்றுகிறீர்களா?
2. உங்கள் கிராமத்து வண்டிகளில் எத்தனைக்கு வாரம் ஒரு முறையாவது நீர் ஊற்ற வேண்டியிருக்கிறது? எங்கே ஒழுகுகிறது?
3. வரும் வாடை மழையில், வண்டி உரிமையாளர் ஒன்றுசேர்ந்து மழைநீரைச் சேகரித்து வைக்க முடியுமா? எந்தக் கூரை பொருத்தமானது?
4. அவசரத்தில் நோயாளரை ஏற்றும் வண்டி உங்கள் ஊரில் எது? அதனை இந்த மாதம் யார் சோதித்துப் பார்ப்பார்?